உப்பும் உருளைக்கிழங்கும்: அடுக்களையில் ஓர் ஆய்வு



உணவை ஆராயவென்றே இம்மைசூர் நகரின் செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. எனினும் சில ஆய்வுகளுக்கு அடுக்களையே போதும்.

உணவில் அயோடின் குறைந்தால் கழுத்துக்கழலை தோன்றும். அதனினும் கொடிது, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். எனவே, நுகர்வோர் வாங்கும் உப்பில் பத்து இலட்சத்தில் 15 பங்கேனும் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது விதி. கண்ணால் பார்த்து இதனை அறிய இயலாது. உருளைக்கிழங்கை நறுக்கி, வெட்டிய பரப்பில் உப்பைத் தூவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுக. அயோடின் சேர்ந்த உப்பாயின் நீல நிறம் தோன்றும்.

எலுமிச்சை எதற்கு? நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். அது தானாக நிறம் தராது. சாற்றின் புளிப்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்து அதிலிருந்து அயோடினை விடுவிக்கின்றன. அந்த அயோடினே கிழங்கின் மாவுப்பொருளை நீலமாக்குகிறது. சாறு மிகுந்தாலோ, அதே வைட்டமின் நிறத்தை அழித்துவிடும். கடைக்காரருடன் வாதிடப் புறப்படுமுன் சொட்டுகளை எண்ணிப் பார்ப்பது நலம்!

அயோடின் சேராத உப்பை மற்றொரு துண்டில் இட்டு ஒப்பிடுதல் இன்றியமையாதது. அயோடின் உண்டா என்பதையே நிறம் காட்டும். எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடமே அளந்து கூறும். ஆயினும், ஒரு வகுப்பு மாணவர் தத்தம் வீட்டு உப்பில் ஒரு சிட்டிகை கொண்டுவந்தால், எவ்வீட்டு உப்பை முதலில் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவது என்பது ஒரே பிற்பகலில் தெரிந்துவிடும்.