ஏமாந்தவர் குற்றவாளி அல்லர்



காணிக்கும் மொழிக்கும் குரல் கொடுக்கும் மேடையிலே காதல் மோசடியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வியக்கக்கூடும். உழைத்துச் சேர்த்த பொருளும் குடும்பத்தின் நிம்மதியும் ஓசையின்றிக் களவு போகும்போது, அதனைப் பேச நாணும் மேடை மக்கள் மேடையாகாது. ஆதலின் பேசுகின்றோம்.

இக்களவு நடைபெறும் முறையை முதலில் அறிவோம். முகநூலிலே ஒரு நட்பு அழைப்பு வருகிறது. அனுப்பியவர் தம்மை வெளிநாட்டு வைத்தியர் என்பார், படைவீரர் என்பார், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் பொறியியலாளர் என்பார். இத்தொழில்கள் காரணமின்றித் தெரிந்தெடுக்கப்படவில்லை. நேரில் வர இயலாமைக்கு இவை ஆயத்தமான சாட்டுகள். படமோ வேறொருவரிடமிருந்து திருடியது. உரையாடல் விரைவிலே வட்ஸ்அப்புக்கு மாறும். வாரக்கணக்காக, மாதக்கணக்காக அன்புமொழி தொடரும். நம்பிக்கை முதிர்ந்ததும், தங்க நகையும் வெளிநாட்டு நாணயமும் அடங்கிய பொதியொன்றை அனுப்பியதாகச் செய்தி வரும். அடுத்துச் சுங்க அதிகாரி என ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். வரி கட்டுக என்பார். கட்டியபின் தண்டம் கட்டுக என்பார். அதனையும் கட்டினால், பொதியிலே கள்ளப்பணம் உண்டு, சிறை செல்வீர் என மிரட்டுவார். அன்பிலே தொடங்கியது அச்சத்திலே முடியும். பொதியென ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை!

இப்பொதி மோசடி குறித்து இலங்கைச் சுங்கத் திணைக்களமே மக்களை எச்சரித்திருக்கிறது. தனியாள் ஒருவரின் வங்கிக் கணக்கிலே வரிப்பணத்தை இடுமாறு எந்தச் சுங்க அதிகாரியும் கேட்க முடியாது. இந்த ஒன்றை மனத்திற் பதித்தாலே பல குடும்பங்களின் நகை அடைவுக்குப் போகாது.

அறிவிலிகளே ஏமாறுவர் என்பது வீண் இறுமாப்பு. ஐக்கிய அமெரிக்காவிலே 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் காதல் மோசடி பற்றி முறையிட்டனர்; அவர்கள் இழந்ததாகக் கூறிய தொகை 130 கோடி டொலர். அவர்கள் அனைவரும் எழுத்தறியாதவர்களா? தனிமையும் நம்பும் இயல்பும் கற்றோருக்கும் உண்டு, கல்லாதோருக்கும் உண்டு.

எதிரே இருப்பவனும் தனியொரு கள்வன் என்று எண்ணற்க. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இத்தகைய மோசடித் தொழிலில் பலவந்தமாக ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. நல்ல சம்பளம் என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சென்ற இலங்கை இளைஞரும் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இவ்வாறு சிறைப்பட்டனர். ஏமாற்றப்படுவோரும் நம்மவர், ஏமாற்றுமாறு அடித்து ஏவப்படுவோரிலும் நம் நாட்டவர் உளர். இதனை வீட்டுக்குள் மறைக்கும் வெட்கக்கேடு என்று தள்ளிவிடலாமா?

"அவர் விரும்பித்தானே கொடுத்தார்?" என்று ஊர் கேட்கிறது. சட்டம் அவ்வாறு கேட்பதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே வஞ்சித்தலும், ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தலும், வஞ்சித்துப் பொருளைப் பெறுதலும் குற்றங்கள். பொய்யினால் பெற்ற சம்மதமே அக்குற்றத்தின் உயிர்நாடி. கொடுத்தவர் மனமொப்பிக் கொடுத்தார் என்பது கள்வனைக் காக்கும் வாதமன்று. அவன் செய்த வஞ்சனையின் விளைவு. ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். குற்றத்தின் சாட்சி அவர்.

ஆயினும் அந்தச் சாட்சி வாய் திறப்பதில்லை. ஏன்? ஊர் நகைக்கும் என்ற அச்சம்! கள்வனின் உண்மையான கோட்டை அவன் கணினியன்று, நமது ஏளனமே. ஒரு விதவைத் தாயை நாம் எள்ளி நகைக்கும்போது அடுத்த பத்துப் பேரை மௌனமாக்குகின்றோம்.

எனவே செய்யவேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். நேரில் காணாதவருக்குப் பணம் அனுப்புமுன் நம்பத்தக்க மூன்றாமவர் ஒருவரிடம் சொல்லுங்கள். "எவருக்கும் சொல்லாதே" என்பவனே கள்வன். முகத்தையும் குரலையும் பொய்யாக ஆக்கும் கருவிகள் வந்துவிட்டமையால், காணொளியிலே கண்டோம் என்பதும் சான்றாகாது. வெளிநாட்டு வரன் என்றால் அவரின் ஊரையும் உறவையும் நேரில் விசாரியுங்கள். அந்தரங்கப் படங்களை அனுப்பாதீர்கள்; அனுப்பியதைக் காட்டி எவரேனும் மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் மிரட்டல் ஓயாது. பணம் போய்விட்டால் அன்றே வங்கிக்கு அறிவியுங்கள். உரையாடலையும் பற்றுச்சீட்டையும் அழியாமற் காத்துப் பொலிசில் முறையிடுங்கள். இழந்ததை மீட்டுத் தருவோம் என்று முற்பணம் கேட்டு வருபவன் இரண்டாம் கள்வன். தரகுக்காகத் தம் வங்கிக் கணக்கை அயலாருக்கு இரவல் கொடுக்கும் இளைஞரே, களவுப் பணம் உங்கள் பெயரிலேயே நடமாடும். விசாரணை முதலில் உங்கள் வாசலுக்கே வரும்!

இன்னுமொன்று. முறைப்பாட்டைத் தமிழிலே கொடுப்பது எவரும் இடும் பிச்சையன்று. 1987இன் 13ஆம் திருத்தமும் 1988இன் 16ஆம் திருத்தமும் அரசியலமைப்பிலே எழுதிவைத்த உரிமை அது. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்திற் கையொப்பமிடாதீர்கள். உங்கள் கிராமத்துச் சட்டத்தரணியும் ஆசிரியரும் உடன் வர வேண்டும். வருவது அவர்தம் கடமை.

ஏமாந்தவரைக் கண்டால் "எப்படி ஏமாந்தாய்?" என்று கேளாதீர்கள். "வா, பொலிஸ் நிலையத்துக்கு நாமும் வருகிறோம்" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் பரவும் கிராமத்தில் கள்வனுக்கு வேலையில்லை.