தண்ணீர் வடிந்த பிறகு

(ஆதரவாளர் கூடுகையில் நமது ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)

சபையாராகச் சேர்ந்து நிவாரண நிதி திரட்டுவதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் நம் வளாகத்தில் நடந்த விற்பனை விழாவை வைத்தே பேசுகிறேன். உங்களில் பலர் அன்று முறுக்குப் பிழிந்தவர்கள். நான் தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

நம் கமிட்டியில் எழுந்த முதல் யோசனை, பழைய துணி சேர்த்து அனுப்பலாம் என்பது. நான் எதிர்த்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு நானும் வீடு வீடாகப் போய்ச் சேலையும் சட்டையும் சேர்த்து, லாரியில் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோனவன். அங்கே சாலையோரத்தில் துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன, எடுப்பார் இல்லாமல். எங்கள் மூட்டைகளை இறக்க இடம் தேடியே ஒரு பகல் போயிற்று. லாரி வாடகையை மட்டும் கையில் கொடுத்திருந்தாலும் இரண்டு குடும்பத்துக்கு உதவியிருக்கும்.

ஆகவே பொருளை இங்கேயே விற்றுப் பணத்தை அனுப்புவது என்று தீர்மானித்தோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் மதியத்துக்குள் தீர்ந்துபோயின. ஏலத்தில் ஒரே வாழைத்தார் மூன்று முறை விலைபோனது. எடுத்தவர்கள் திரும்பத் திரும்ப மேஜைக்கே கொடுத்துவிட்டார்கள். பந்தலுக்கும் மைக்குக்கும் வாடகை வாங்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்த பணம் முழுவதையும் அந்த வாரமே அனுப்பிவிட வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றவன் நான். கையில் வைத்திருந்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்த நாட்களில் ஆண்கள் வார்டில் ஓர் உப்பளத் தொழிலாளி காலில் புண்ணோடு படுத்திருந்தார். ஜெபித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அரிசி வந்துச்சு, பிஸ்கட் வந்துச்சு, போர்வைகூட வந்துச்சு. குவிச்சு வச்ச உப்பு அம்புட்டும் கரைஞ்சு போச்சு. பாத்தியில சேறு நிக்கி. வேலை எப்பம் வரும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதை நம் மருத்துவரிடம் சொன்னேன். "நோயும் அப்படித்தான் ஐயா" என்றார். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் புண்ணுள்ள காலோடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சல் அன்றைக்கே வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்து, உதவிக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு வருகிறது.

மறு கூட்டத்தில் என் பேச்சை நானே வாபஸ் வாங்கினேன். பாதியை உடனே அனுப்பினோம். மீதியை வங்கியில் போட்டு, உப்பளத்தில் வேலை தொடங்கும்வரை சில குடும்பங்களுக்கு மாதந்தோறும் மளிகைக்கும், ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களுக்கும் கொடுத்தோம். ஏன் தாமதம் என்று சிலர் கேட்டார்கள், சற்றுக் கடுமையாகவே. கேட்டது நியாயந்தான். அதனால் ஒவ்வொரு மாதமும் கணக்கை ஆலய வாசல் பலகையில் ஒட்டினோம். பவுல் அப்போஸ்தலனும் எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தன் ஒருவன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவரையும் உடன் அழைத்துக்கொண்டார்.

அந்தியோகியா சபையாரையும் கவனியுங்கள். பஞ்சம் வரப்போகிறது என்று கேட்ட மாத்திரத்தில் உதவி அனுப்பத் தீர்மானித்தார்கள். நாமோ தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகுதான் பந்தற்கால் நடுகிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. இந்த வருஷம் நிவாரணப் பெட்டியை ஜூலை முதல் ஞாயிறன்றே ஆலய வாசலில் வைக்கிறோம். சாவிகள் இரண்டு. ஒன்று சபைப் பொருளாளரிடமும் மற்றொன்று பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியிடமும் இருக்கும். என்னிடம் இராது.