பழைய ஜீப்பின் பெட்ரோல் டாங்க்
(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பயிரையும் பாசனத்தையும் பற்றிப் பேசும் இந்த மேடையில் மோட்டார் வண்டியின் டாங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது என்ன புதுமை என்று தங்களில் சிலருக்குத் தோன்றலாம். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் ஆரம்பமான பின்னர், அபிவிருத்தி அதிகாரியின் ஜீப் கிராமப் பாதைகளில் பழகிய காட்சியாயிற்று. அவ்வகை ஜீப்புகள் பிற்காலத்தில் கைமாறிக் கைமாறி, இன்றும் சில வீடுகளில் மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நிற்கின்றன. வீட்டுப் பிள்ளை ஒருவன் அதனை மறுபடியும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறான். ஆசை நல்லதே. ஆனால் அவன் முதன்முதலில் கைவைக்கும் இடம் பெட்ரோல் டாங்க். பெரிய விபத்து நேரக்கூடிய இடமும் அதுவே.

பெட்ரோல் நிறைந்த டாங்கைவிடக் காலி டாங்கே அதிக அபாயமுள்ளது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. எரிவது திரவமான பெட்ரோல் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. அந்த ஆவி, காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை கலந்திருக்கையில், ஒரு சிறு பொறி பட்டாலும் வெடிக்கும். நிறைந்த டாங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டாங்கிலோ காற்றும் உண்டு, ஆவியும் உண்டு. 40 லிட்டர் கொள்ளும் டாங்கினுள் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் எஞ்சியிருந்து ஆவியானாலே போதும், அது வெடிமருந்துக்கு ஒப்பாகிவிடும். மேலும் இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளத்திலும் சாக்கடையிலும் தங்கி, தூரத்திலுள்ள அடுப்பிலிருந்துகூடத் தீயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

எங்கள் சிறு பட்டறையில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லுகிறோம். ஓட்டை விழுந்த டாங்க் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். ஒரு வருஷமாகக் காலியாகக் கிடந்தது என்றார். மூக்கை வைத்துப் பார்த்தோம், வாசனை இல்லை. “காலிதானே, பற்றவை” என்று பையனிடம் சொன்னவர்கள் நாங்களேதான். துருவின் அடுக்குகளுக்குள்ளும் தகட்டின் மடிப்புக்குள்ளும் பெட்ரோல் ஊறிக் கிடந்திருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது ஆவியாக வெளிவந்து, டாங்கின் அடிப்பாகம் பிளந்து பறந்தது. பையன் பிழைத்தான், அவனுடைய ஒரு காது இன்றளவும் சரியாகக் கேட்பதில்லை. அன்று முதல் மூக்கை நம்புவதை விட்டுவிட்டோம்.

பஞ்சாயத்தார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காலி டிரம்களை வெட்டி மாட்டுத் தொட்டியாகவும் குப்பைத் தொட்டியாகவும் ஆக்கும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. டீசல் டிரம்தானே என்று அலட்சியமாக இருக்கிறார்கள். டீசல் சாதாரண வெப்பத்தில் அவ்வளவாக ஆவியாகாது என்பது உண்மையே. ஆனால் வெட்டும் தீ பட்டவுடன் டிரம்மின் சுவரில் ஒட்டிய டீசலும் ஆவியாகி, பெட்ரோலைப் போலவே வெடிக்கும். தேவையானால் முன்னரே வெட்டி விற்கும் தொட்டியை விலை கொடுத்து வாங்குங்கள்.

இனி டாங்கைச் சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய், வைக்கோல், அடுப்பு, கிணறு, வாய்க்கால் இவற்றுக்கு வெகு தொலைவில் காற்றோட்டமான வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். பாட்டரியின் கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். இதனை டாங்கின் மூடியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பல பழைய ஜீப்புகளில் டாங்க் முன் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், மூடியைத் திறந்தால் வண்டிக்குள்ளேயே ஆவி தேங்கும். பீடி, சிகரெட் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியைத் தொலைவில் வைத்துவிட்டு வாருங்கள். நைலான் சட்டையைக் களைந்து பருத்தி உடை உடுத்துங்கள். நைலான் உராய்வில் பொறி எழக்கூடும். இரண்டு வாளி மணலும் ஈரக் கோணிச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் நெருப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால், பெட்ரோல் அதன்மேல் மிதந்து நெருப்போடு பரவும்.

பெட்ரோலை இறக்குவதற்கு ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது நம்மிடையே பரவியுள்ள கெட்ட பழக்கம். ஒரு மடக்கு தவறி மூச்சுக்குழலில் போனால் நுரையீரல் வெந்துவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு பெட்ரோல் மறுபடியும் நுரையீரலுக்குள் போகும். 108-க்குத் தெரிவித்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கையால் அழுத்தும் சிறு பம்பு மலிவாகக் கிடைக்கிறது. அதை உபயோகித்து, தரையில் வைத்த மூடியுள்ள இரும்பு டின்னில் இறக்குங்கள். பிளாஸ்டிக் குடம் கூடாது.

டாங்கைக் கழற்றி, அளவு காட்டும் மிதவையையும் எடுத்துவிட்டு, வாய்வரை தண்ணீர் நிரப்புவதே அடுத்த வேலை. தண்ணீர் ஏற ஏற ஆவி வெளியேறும். எஞ்சிய பெட்ரோல் மேலே மிதந்து வழியும். அதனை ஒரு டிரம்மில் பிடிக்க வேண்டும். பிறகு வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி, வாய்களை அடைத்து நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். கசடு வருவது நிற்கும்வரை மூன்று நான்கு முறை இதனையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். உள்ளே எப்படியிருக்கிறது என்று பார்க்கத் தீக்குச்சியோ மின்விளக்கோ வேண்டாம். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடக் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விடுவார்களே, அந்த உபாயம் இதற்கும் போதும்.

துரு மிகுதியாக இருந்தால், 10 லிட்டர் வெந்நீருக்கு அரைக் கிலோ வீதம் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து நிரப்பி, ஓர் இரவு விட்டுவைக்கலாம். மூடியை இறுக்கக் கூடாது. தகட்டின் இரும்பும் அமிலமும் சேரும்போது எரியக்கூடிய வாயு எழுகிறது. கழிப்பறைக்கு ஊற்றும் கடுமையான அமிலம் பழைய மெல்லிய தகட்டைத் தின்றுவிடும். மறுநாள் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் மறுபடியும் அலசி, உடனே வெயிலில் உலர்த்த வேண்டும். தாமதித்தால் புதுத்துரு படியும்.

ஓட்டையை அடைக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் சரி, வெல்டிங்குக்கு முன் தண்ணீராலோ மந்த வாயுவாலோ உள்ளிடத்தை நிரப்பிச் செய்யத் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். “அதெல்லாம் வேண்டாம், சும்மா வைக்கிறேன்” என்பவரிடமிருந்து டாங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கழிவு நீரைப் பற்றிப் பஞ்சாயத்தார் கவலைப்பட வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு ஓடிய வண்டியின் டாங்கில் ஈயக் கசடு இருக்கக்கூடும். சில பழைய டாங்குகளின் உட்பூச்சிலேயே ஈயம் உண்டு. இந்தத் தண்ணீரை வயலிலோ கிணற்றடியிலோ கொட்டினால், குடிநீரில் அது வந்து சேரும். ரப்பர் கையுறையின்றித் தொடவும் வேண்டாம். டிரம்மில் மூடிவைத்து, கழிவு எண்ணெய் சேகரிக்க அனுமதி பெற்றவரிடம் ஒப்படையுங்கள். ஒரு வீட்டாரால் அதற்கு ஏற்பாடு செய்ய முடியாது. பஞ்சாயத்து முயன்றால் முடியும்.

கடைசியாக ஒன்று. 2023-ஆம் ஆண்டு முதல், நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே டாங்கைப் பூட்டும்போது பழைய ரப்பர் குழாய்களையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் பொறுத்து, டாங்கின் அடியிலும் குழாய்களின் இணைப்பிலும் கசிவு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் பாட்டரியின் கம்பியை மாட்ட வேண்டும்.