வெள்ளத்துக்கு முன்னே வரவேண்டிய பணம்



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள், டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாகப் பாகூர் பக்கம் புகுந்தது. கரிக்கலாம்பாக்கம் வட்டாரத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

புயலுக்கு ஆறு நாள் முன்புதான் பாக்கு நகரில் உலகக் காலநிலை மாநாடு முடிந்தது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று திரட்ட ஒப்புக்கொண்டது, அதுவும் 2035க்குள், ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். புகையை அதிகம் விட்டவர்கள் அவர்கள், நனைவது நாம். இந்தியா அங்கேயே எழுந்து எதிர்ப்புச் சொன்னது. சரியான எதிர்ப்புதான்.

ஆனால் அதே நியாயத்தை வீட்டுக்குள்ளும் கேட்கவேண்டும் அல்லவா?

புயலுக்குப் பின் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய், பயிர் போனதற்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் என்று புதுச்சேரி முதல்வர் ரங்கசாமி அறிவித்தார். அட்டைக்குக் கொடுத்தது மட்டுமே 170 கோடியைத் தாண்டும். குறை சொல்லவில்லை, அடுப்பு எரிய அந்தப் பணம் உடனே வேண்டும். ஆனால் மாடி வீட்டு அட்டைக்கும் அதே 5,000, கூரை போனவர் அட்டைக்கும் அதே 5,000. ஹெக்டேர் கணக்கோ நிலத்தைப் பார்த்துப் போகிறது. களையெடுத்துப் பிழைக்கும் பெண்ணுக்கு ஹெக்டேர் ஏது?

இனி, வெள்ளத்துக்கு முன்னே வந்த பணத்தைப் பாருங்கள். 2015இல் மத்திய அரசு காலநிலைத் தகவமைப்புக்கென ஒரு தேசிய நிதியைத் தொடங்கி, நபார்டு வங்கி வழியாகக் கொடுத்தது. புதுச்சேரியில் 20 ஏரிகளையும் 32 குளங்களையும் சீராக்க அதிலிருந்து ஒதுக்கியது 16 கோடியே 76 லட்சம். ஒரு புயலுக்கு அட்டைக்காரர்களுக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு! ஆழப்படுத்திய ஏரி அடுத்த மழைக்கும் நிற்கும், கோடைக்கும் கொடுக்கும். பிறகு 2022இல் அந்த நிதியும் தனித் திட்டம் என்ற தகுதியை இழந்தது.

மாநிலங்களுக்கு வேறு வழி உண்டு. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பேரிடருக்காக 1,60,153 கோடி ரூபாய் வகுத்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, பேரிடர் வருமுன் காக்க. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் உண்டு, முதல்வர் உண்டு. ஆனால் யூனியன் பிரதேசம் என்பதால் அந்தப் பந்தியில் இலை இல்லை. உள்துறை அமைச்சகத்திடம் கேட்டு வாங்கவேண்டும். இரண்டும்கெட்டான் நிலை. புயலுக்குத் தமிழ்நாட்டு மரக்காணத்துக்கும் நம் பாகூருக்கும் இடையே எல்லைக்கோடு தெரியுமா என்ன?

டெல்லியை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு வரும் பங்காரு வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மதகு ஒழுகுகிறது என்பது அங்கே தண்ணீர் பாய்ச்சுபவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லைச் சபையில் வைத்துப் பணம் கேட்க ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் வேண்டும். புதுச்சேரியில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். 2011இல் அதில் வென்றவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்திவருகிறார்கள்.

பாக்குவில் நமக்கு நாற்காலி கிடைத்தது, குரல் எழுப்பினோம். கரிக்கலாம்பாக்கத்துக்காரருக்கு அவருடைய கொம்யூனிலேயே நாற்காலி இல்லை. அரசு முதலில் அந்தத் தேர்தலை நடத்தட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நிவாரணம் எவ்வளவு என்று கேட்குமுன், நம்ம ஏரிக்கு என்ன ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள்.