ஈரல் புற்றுநோயில் ஆயுளைத் தீர்மானிப்பது வயதா, கண்டுபிடிக்கும் நேரமா?



மாயவரம், சீர்காழி, குத்தாலம், தரங்கம்பாடி என்று நம் பக்கத்தில் எந்த ஊரில் கேட்டாலும், ஈரல் புற்றுநோய் என்றதும் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். நோயாளி எழுபது வயதுக்காரர் என்றால், "வயசாயிடுச்சு, இனிமே அவரை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா இழுத்து என்ன ஆகப் போவுது?" என்பார்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் வயிறு கனக்கிறது, பசி இல்லை என்று சொன்னால், "இந்த வயசுல என்ன நோவு வந்துடும், எல்லாம் வாயுதான்" என்பார்கள். இரண்டு பேச்சுமே தவறு. இரண்டுமே உயிரைக் குடிக்கும் பேச்சு. ஏன் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

வயதும் ஆயுளும்

பல நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகளைப் பார்த்தால், முதிய வயதில் ஈரல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், இளையவர்களைவிடச் சராசரியாகக் குறைந்த காலமே பிழைத்திருக்கிறார்கள். இதற்குக் காரணம் வயது மட்டும் அல்ல. முதியவருக்குச் சர்க்கரை, இருதய நோய் போன்றவை கூடவே இருக்கும். அதோடு, வயதைக் காரணம் காட்டி அவருக்குச் சிகிச்சையே கொடுக்காமல் விடுவதும் உண்டு. உடல் தெம்பாக இருக்கும் எழுபது வயதுக்காரரைத் தக்கபடி தேர்ந்தெடுத்து ஆபரேஷன் செய்த இடங்களில், இளையவர்களுக்கு நெருங்கிய பலன் கிடைத்திருக்கிறது.

இளைஞர்கள் கதை வேறு. நாற்பது வயதுக்குள் இந்நோய் வருபவர்களில் பெரும்பாலோர் உடம்பில் ஹெபடைடிஸ் பி என்னும் மஞ்சள் காமாலைக் கிருமி பல ஆண்டுகளாகக் குடியிருக்கும். அவர்களுடைய மீதி ஈரல் நல்ல நிலையில் இருப்பதால், சிகிச்சையைத் தாங்கும் சக்தி அதிகம். ஆனால் யாரும் சந்தேகப்படாததால், கட்டி பெரிதான பிறகுதான் வந்து சேர்கிறார்கள். கையில் இருக்கும் நல்ல வாய்ப்பு இப்படி வீணாகிறது.

ஆகவே நோயாளி எத்தனை நாள் இருப்பார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: கண்டுபிடிக்கும்போது கட்டி எவ்வளவு பெரிது, மீதி ஈரல் எப்படி இருக்கிறது. வயது இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

1996-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மிலான் நகர டாக்டர்கள் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார்கள். ஒரே கட்டியானால் 5 சென்டிமீட்டருக்குள், அதாவது ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டிகளானால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ஒரு நெல்லிக்காய் அளவுக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட 48 பேருக்கு மாற்று ஈரல் பொருத்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 75 பேர் வீதம் பிழைத்திருந்தார்கள். அதே நோய் ரத்தக் குழாய்க்குள் பரவிய பிறகு வந்தால், ஆயுளைப் பெரும்பாலும் மாதக் கணக்கில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

விவசாயிகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை. வரப்பில் நண்டு வளை கண்ணில் பட்ட அன்றே ஒரு கைப்பிடி சேறு வைத்து அடைத்தால் போதும். நாலு நாள் விட்டுவிட்டால் வரப்பே உடைந்து போகும். வரப்பு புதுசா பழசா என்று பார்த்துக்கொண்டா நிற்கிறோம்?

ஏன் வெளியே தெரிவதில்லை?

ஈரல் வலப்பக்க விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ எடை. அதன் உட்புறத்தில் வலி தெரியாது. மேலுறை இழுபடும்போதுதான் வலிக்கும். பாதி கெட்டாலும் மீதிப் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். எனவே உடல் இளைப்பு, பசியின்மை, வயிற்றில் நீர் கோர்த்தல், கண் மஞ்சளாதல் எல்லாம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். "ஏதாவது தெரிஞ்சா அப்புறம் போய்ப் பார்த்துக்கலாம்" என்று காத்திருப்பது இந்த நோயில் பலிக்காது. தெரியும் முன்பே தேட வேண்டும்.

கிருமி புகுந்த வயது

ஹெபடைடிஸ் பி கிருமி பிறக்கும்போது தாயிடமிருந்து புகுந்தால், நூறு குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். வளர்ந்தவர்களுக்குப் புகுந்தால், நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். மற்றவர்களுக்கு உடம்பே அதை விரட்டிவிடும். ஆக, நாற்பது வயதில் வரும் நோய்க்கு விதை பல சமயம் பிறந்த அன்றே விழுந்துவிடுகிறது.

அந்த விதையை அழிக்க ஊசி இருக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி; பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி. தமிழ்நாட்டில் பென்டாவேலன்ட் 2011 டிசம்பரில் தொடங்கியது. இதன் பலனைத் தைவான் நாடு காட்டியிருக்கிறது. அங்கே 1984-இல் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு 7 பேருக்கு வந்துகொண்டிருந்த ஈரல் புற்றுநோய், பத்தே ஆண்டுகளில் 4 பேருக்கும் கீழே இறங்கியது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி இதுவே.

கர்ப்பிணிக்கு இந்தக் கிருமி இருப்பதாக ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கிருமி மிக அதிகமாக இருந்தால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டாக்டர் மாத்திரை கொடுப்பார். குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் போட வேண்டும். அதன்பின் தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை: மருமகளைத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால், தொடுவதால் இது ஒட்டாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், ஒருவர் பிளேடை இன்னொருவர் உபயோகிப்பது, இவற்றால்தான் பரவும். அந்தப் பெண்ணுக்கே அவளுடைய தாயிடமிருந்து வந்திருக்கலாம். அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை.

தேடத் தொடங்கும் வயது

2002-க்கு முன் பிறந்தவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இந்த ஊசி கிடையாது. ஆகவே வளர்ந்தவர்கள் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

நம் டெல்டாப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். மெடிக்கல் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது, தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினால், அவமானம் என்று அந்தத் தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். தம்பி, விசா போனால் வேறு வேலை தேடலாம். அந்தத் தாள் உன் உயிரைக் காக்கக் கிடைத்த எச்சரிக்கை. அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. ரத்ததான முகாமில் தெரிய வந்தவர்களுக்கும் இதே வார்த்தைதான்.

கிருமி உள்ளவர்களில் ஆண்கள் 40 வயது முதலும், பெண்கள் 50 வயது முதலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். தகப்பனாருக்கோ உடன்பிறந்தவருக்கோ ஈரல் புற்றுநோய் வந்திருந்தால் இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு, அது குடியால் வந்தாலும் வேறு எதனால் வந்தாலும், வயதுக் கணக்கே இல்லை. உடனே தொடங்க வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் 35 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 19,000 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள அழைக்கப்பட்டவர்களிடையே, ஈரல் புற்றுநோய்ச் சாவு 37 சதவீதம் குறைந்திருந்தது. அழைத்தும் சிலர் வராமல் போன நிலையிலேயே இந்தப் பலன்.

கீழாநெல்லி போதாதா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே கிடையாது. 1988-இல் சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி உள்ள 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊரில் தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். அந்த நேரத்தில் குடித்த சாற்றுக்குப் பெயர் வந்துவிடுகிறது. பத்தியம் இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்தக் காமாலை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துகொள்ளாமல் இருக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. பிரசவம் எங்கே நடந்தாலும், "பிறந்த அன்னிக்குப் போடுற காமாலை ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள்.

2. வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருந்தால் மற்ற எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

3. கிருமி உள்ளவர்கள் டாக்டர் சொன்ன மாத்திரையை, நன்றாக இருக்கிறது என்று தாமாக நிறுத்த வேண்டாம். ஹெபடைடிஸ் சி கிருமியானால் பெரும்பாலோருக்கு மூன்று மாத மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனைக்கும் மருந்துக்கும் பணம் இல்லை.

4. குடியை விடுங்கள். சர்க்கரையையும் தொப்பையையும் கட்டுப்படுத்துங்கள். ஈரலில் கொழுப்பு சேர்ந்தாலும் இந்நோய் வரலாம்.

5. பூசணம் பிடித்த நிலக்கடலை, சோளம், மழையில் நனைந்து கறுத்த தானியம் சமையலுக்கு வேண்டாம். அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள்.

6. நோய் என்று தெரிந்துவிட்டால், "வயசு என்ன?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "கட்டி எவ்வளவு பெரிசு? மீதி ஈரல் எப்படி இருக்கு? ஆபரேஷன் செய்யலாமா, ஊசி மூலம் சுடலாமா?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தயங்காமல் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் ஒதுக்குங்கள். குறுவைக்கு நாற்று விடும்போது ஒருமுறை, தை அறுவடை முடிந்து ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது.