உதட்டுக் கொப்புளமும் ஒரு சந்தேகமும்



காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரம் சுருசுருவென்று எரியும். பொழுது சாய்வதற்குள் ஊசிமுனை அளவில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். ஓரிரு நாளில் உடைந்து, மஞ்சளாகப் பொருக்கு தட்டி, பத்து நாளில் தடம் தெரியாமல் ஆறிவிடும். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்பார்கள் ஆச்சிமார். உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கித் தருவார்கள். சிலர் வேளார் வீட்டுக்குப் போய், காவி மண் குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். தானாக ஆறுகிற புண் இது. அதனால் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

அக்கி என்று எழுதிக்கொள்வது பெரும்பாலும் சின்னம்மை வைரஸ் மறுபடி கிளம்பி வருவது. உதட்டில் வருவது அதற்குப் பங்காளி. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்று பெயர். அதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை பெரும்பாலும் சின்ன வயதிலேயே, பெரியவர்கள் கொஞ்சும் முத்தத்தில், எச்சிலில் வந்து சேர்ந்துவிடுகிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம், அதாவது சுமார் 380 கோடிப் பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கணித்திருக்கிறது. பலருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது. வைரஸ் முகத்து நரம்பின் வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. காய்ச்சல், கடும் வெயில், மாதவிலக்கு, மனக்கவலை என்று எதிலாவது விழித்துக்கொள்ளும். சூடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இரண்டாம் வகை உடலுறவால் தொற்றி, பிறப்புறுப்பில் புண்ணாக வருவது. ஆனால் முதல் வகையும் அங்கே போகும். வாய்வழி உறவில், உதட்டில் கொப்புளம் இல்லாத நாளில்கூடத் தொற்றலாம்.

நான் இன்று பேச வந்ததே இதற்காகத்தான். மனைவிக்குப் பிறப்புறுப்பில் புண் வருகிறது. ஹெர்பிஸ் என்கிறார் டாக்டர். உடனே வீட்டில் சந்தேகம் புகுந்துவிடுகிறது. பழி பெரும்பாலும் பெண் தலையில்தான் விழுகிறது. தொற்றி எத்தனையோ வருஷம் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு, பிறகு முதன்முதலாகப் புண் வரலாம். கணவன் குழந்தையாக இருந்தபோது உதட்டில் வாங்கியதே மனைவிக்கு வந்திருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று அந்தப் புண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. அதை வைத்து ஒருத்தியின் நடத்தைக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

திருநெல்வேலிக் குறுக்குத்துறைப் படித்துறையில் சேர்ந்து குளிப்பதால் இது வராது. பஸ் ஸீட்டிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வராது. தோலும் எச்சிலும் நேராகப் படுவதுதான் வழி. கொப்புளம் இருக்கும்போது துண்டு, டம்ளரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். செம்பை அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கம் இதற்கு ரொம்ப நல்லது. வாய்வழி உறவு வேண்டாம். கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள்; கருவிழியில் புண் வந்தால் பார்வைக்கே ஆபத்து. கண் சிவந்தால் மருந்துக்கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காமல் கண் டாக்டரிடம் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இந்தப் புண்ணை மோசமாக்கிவிடும்.

பச்சிளம் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், உதட்டில் புண் இருந்தால் முத்தம் கொடுக்கவே கூடாது. பிறந்த குழந்தைக்கு இது உயிரையே பறிக்கக்கூடியது. கர்ப்பிணிக்குப் பிறப்புறுப்பில் புண் வந்தால், அதிலும் கடைசி மாதங்களில் வந்தால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அசைக்ளோவிர் மாத்திரை வைரஸை அடியோடு ஒழிக்காது. எரிச்சல் தொடங்கும்போதே சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், நம் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில், பால்வினை நோய்ப் பிரிவில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஹெர்பிஸ் புண்ணுக்கு ஏழு நாள் மாத்திரை சிவப்பு நிறப் பெட்டியில் தருவார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். அங்கே கேட்பதும் சொல்வதும் வெளியே போகாது.