ஏறிய மலையையே ஏறுவோம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

ஜார்ஜ்டவுனில் வாழும் உங்களிடம் பினாங்கு மலையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த மலையை எத்தனை முறை நடந்து ஏறியிருக்கிறீர்கள்? "ரயில்ல ஒரு தடவை போயிட்டு வந்துட்டோம் டீச்சர்" என்பதே பலரும் சொல்லும் பதில். 1923-இல் தொடங்கிய அந்த மலை ரயில், 2011-இல் புதுப்பிக்கப்பட்டபின், நம்மைப் பத்தே நிமிடத்தில் மேலே சேர்த்துவிடுகிறது. நல்ல வசதிதான். ஆனால் ரயிலில் போனவர் மலையுச்சியைப் பார்த்தவர். மலையைப் பார்த்தவர் அல்லர்.

நான் கடலுக்கு அப்பால், செபராங் பிறையில், ஒரு தோட்டப் பள்ளியில் பணிபுரிகிறேன். பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் பெர்ரியில் அழைத்து வருவேன். பசியாறிவிட்டு, 1884-இல் தோன்றிய தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து ஏறத் தொடங்குவோம். அங்கிருந்து ஜீப் பாதை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நல்ல செங்குத்து. கால் வலிக்கும், சட்டை நனையும்.

மூன்றாம் முறை ஏறும்போது ஒரு மாணவன் கேட்டான்: "அதே மலையைத்தானே ஏறுறோம் டீச்சர், புதுசா என்ன இருக்கு?" நியாயமான கேள்வி. அதற்கு மலையே விடை சொன்னது. முதல் முறை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருங்குரங்கின் மடியில் பொன்னிறக் குட்டி ஒன்றைக் கண்டோம். "இது வேற ஜாதிக் குரங்கு" என்று பிள்ளைகள் முடிவு கட்டினார்கள். அடுத்தடுத்துப் போனபோதுதான், அந்தப் பொன்னிறம் சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறிவிடும் என்பது புரிந்தது. ஒரே முறை போயிருந்தால் தவறான பாடத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள்!

வெப்பமானியையும் கையோடு கொண்டு போவோம். அடிவாரத்தில் ஒரு முறை, உச்சியில் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்வோம். 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய அரைப் பாகைக்குச் சற்று மேல் குளிரும் என்பதை என் மாணவர்கள் மனப்பாடம் செய்யவில்லை; நடந்து தெரிந்துகொண்டார்கள்.

பெற்றோர்களே, இது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. தைப்பூசம்தோறும் அதே தண்ணீர்மலையில் 513 படிகளை ஏறுகிறோம். "போன வருஷம்தான் ஏறினோமே" என்று யாராவது வீட்டில் இருந்துவிடுகிறோமா? படி அதேதான், ஏறுகிற மனம்தான் வேறு. அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இந்தக் காடும் காத்திருக்கிறது. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கே ஓர் இடத்தின்மேல் உரிமையும் அக்கறையும் பிறக்கின்றன. 1990-இல் மலையுச்சியில் பெரிய உல்லாச நகரம் கட்டும் திட்டம் வந்தபோது, 'பினாங்கு மலை நண்பர்கள்' என்று பல அமைப்புகள் ஒன்றுகூடி எதிர்த்தன, திட்டம் கைவிடப்பட்டது. 2017 நவம்பரில் பெருமழையால் மலையில் மண் சரிந்தது. வேர் பிடித்திருக்கும் மண்ணின் அருமை அப்போது ஊருக்கே விளங்கியது. 2021-இல் யுனெஸ்கோ, இந்த மலையையும் சுற்றியுள்ள காட்டையும் கடலையும் சேர்த்து 12,481 ஹெக்டரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பட்டம் கிடைத்துவிட்டது, காப்பாற்ற வேண்டியவர்கள் நீங்கள்தான்.

இன்று பரிசு பெறும் மாணவச் செல்வங்களே, வாழ்த்துகள். பரிசு பெறாத பிள்ளைகளே, உங்களுக்குத்தான் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். என் வகுப்பில் வாசிக்கத் திணறிய ஒரு பிள்ளை, மலையில் கண்டதை எழுதி வைக்க ஆசைப்பட்டே எழுத்துக்கூட்டப் பழகினாள். ஆறு முறை ஏறியபின் அவள் நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது. அவளுக்கும் அன்று பரிசு கிடைக்கவில்லை. ஆனால் இப்போது தானாகவே வாசிக்கிறாள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் மொழி. ஒரு பாடம் முதல் முறை புரியவில்லையா? மலையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை மூச்சு வாங்குவது குறையும். மூன்றாம் முறை சுற்றிலும் பார்க்கத் தோன்றும்.

அடுத்த பரிசளிப்பு விழாவுக்குள் மூன்று முறையாவது ஏறிப் பாருங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் தண்ணீரும் இருக்கட்டும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். குப்பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். அப்பா அம்மாவையும் விட்டுவிடாதீர்கள்!